வீட்டில் முதல் ஆர்கேட் பெட்டி (கடைகளில் நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டி) கட்டியபோது உங்களுக்கு நடந்தது என்ன?

மரத்தூள்:
பலகை அறுத்தது, பெயின்ட் அடித்தது எல்லாம் இங்கே எல்லோரும் பட்டதுதான், விடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. பழைய கணினி கீபோர்டைப் பிரித்து அதன் சர்க்யூட்டிலேயே ஸ்டிக், பட்டன் வயர்களைப் பற்றவைத்திருந்தோம். தனியாக ஆடினால் குறையே இல்லை. அக்கா மகனோடு சண்டை ஆட்டம் போட்டேன். அவன் ஸ்டிக்கைச் சாய்த்துக்கொண்டு குத்து பட்டனை அழுத்துகிறான். அதே நேரம் நான் பின்வாங்குகிறேன். அவன் ஆள் மட்டும் மரமாக நிற்கிறான். நான் கையை எடுத்தால் குத்து விழுகிறது! "மாமா, நீங்க ஏதோ பண்றீங்க" என்று என் கையையே பார்த்தான். கீபோர்டு கோஸ்டிங், பல விசை சேர்ந்தால் கீபோர்டு குழம்பும் கோளாறு என்று எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை.

வயர்ப்பிசாசு:
கீபோர்டில் விசைகள் வரிசை, நெடுவரிசையாகக் கம்பியைப் பகிர்கின்றன. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு இல்லாவிட்டால் மூன்று சேர்ந்து அழுத்தும்போது எது எதுவென்று அதற்கே தெரியாது. ஐ-பேக் மாதிரி என்கோடரில் (பட்டன் அழுத்துவதைக் கணினிக்குச் சொல்லும் பலகை) ஒவ்வொரு பட்டனுக்கும் தனி உள்ளீடு, இந்தத் தொல்லை வராது. ஆனால் என்னைப் படுத்தியது கிரவுண்ட் வயர், எல்லா பட்டனுக்கும் பொதுவான வயர். பட்டனுக்குப் பட்டன் தாவிப்போகும் அந்த ஒரே வயரில் ஒரு முனை கழன்றது. அதற்கு அப்புறம் இருந்த பட்டன் எல்லாம் ஒரேயடியாகச் செத்தது. வீடு நிறைய ஆட்கள், விண்வெளிக் கப்பல் சுடுகிறது, குண்டு மட்டும் போட மாட்டேன் என்கிறது. வயரின் கடைசி முனையையும் கொண்டுவந்து கிரவுண்டிலேயே சேர்த்துவிடுங்கள், ஓரிடத்தில் அறுந்தாலும் ஓடும்.

பழையகுழாய்:
ஜீரோ டிலே என்ற என்கோடர் பலகையில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஜோடி வயர் தனியாக வருகிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு? சரி, என் கதை. பழைய கலர் டிவியின் படக்குழாயைத்தான் திரையாக உள்ளே வைத்தேன். முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கியாச்சு. டிவி பழுதுபார்க்கும் பெரியவர் வந்து, சேஸியோடு (டிவியின் உலோகச் சட்டம்) வயர் கோர்த்த ஸ்க்ரூடிரைவரைக் குழாய் மேல் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைத்தார். டப்! தங்கியிருந்த மின்சாரம் இறங்கியது. "பாத்தியா தம்பி, இன்னும் உசுரு இருக்கு" என்றார். அவருடைய இன்னொரு கை கடைசிவரை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. ஓடும்போது அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல். பழக்கம் இல்லாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

நால்திசை:
குழாயோ எல்சிடியோ, ஸ்டிக் தப்பென்றால் ஆட்டம் தப்புதான். பேக்-மேன் ஆடிய என் அம்மா ஒரே மூலையில் திரும்பத் திரும்பச் செத்தார். "இது திரும்பவே மாட்டேங்குதுடா" என்றார், அவ்வளவுதான் என் கதை. 1980இல் வந்த அந்த ஆட்டம் நான்கு திசை ஸ்டிக்குக்குச் செய்தது. எட்டுத் திசை ஸ்டிக் மூலைவாட்டில் நழுவினால் திருப்பம் போச்சு. சான்வா ஜேஎல்எஃப் ஸ்டிக்கில் அடியில் உள்ள கேட்டை (ஸ்டிக் சாயும் திசையைக் கட்டுப்படுத்தும் தகடு) கழற்றித் திருப்பிப் போட்டால் நான்கு திசைக்கு மாறும். அப்புறம் பட்டன் துளை: ஜப்பான் வகைக்கு 30 மி.மீ., அமெரிக்க வகைக்கு 28க்குக் கொஞ்சம் கூட. பட்டனைக் கையில் வாங்காமல் துளை போடாதீர்கள். கிளிப் வைத்த பட்டன் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தடிமனில் பிடிக்காது, திருகு வகைதான் வேண்டும். ஸ்டிக்கின் தண்டும் அந்தத் தடிமனுக்குக் குட்டை. அடியிலிருந்து ரூட்டரால் (மரம் குடையும் மின்கருவி) பள்ளம் எடுத்து உள்ளே இறக்க வேண்டும். பேக்-மேன் திரை 224க்கு 288, நெட்டுக்குத்தானது. மானிட்டரைச் சுழற்றும்படி...

வயர்ப்பிசாசு:
அம்மா கதை ரெண்டு வரி, அறிவுரை ஒரு பக்கமா? பெட்டி முழுக்க 18 மி.மீ. இருக்கட்டும், மேல்தட்டை மட்டும் மெல்லிய இரும்புத் தகட்டில் போட்டால் கிளிப் பட்டனும் பிடிக்கும், ரூட்டரும் வேண்டாம். ஜீரோ டிலேவைப் புகழ்ந்தவருக்கு: அந்தப் பொடி வெள்ளை பிளக்கை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.