முதல் இசை மென்பொருள்: எஃப்எல் ஸ்டுடியோவா, ரீப்பரா, வேறு ஏதாவதா?

புதுராகம்:
வணக்கம். கர்நாடக சங்கீதம் ஓரளவு கற்றிருக்கிறேன், சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடுவதும் உண்டு. இதுவரை போனில்தான் பதிவு. இனி தம்புரா, என் குரல், அண்ணன் வாசிக்கும் மிருதங்கம் மூன்றையும் தனித்தனி டிராக்காக எடுத்து, பின்னால் கொஞ்சம் கீபோர்டும் சேர்க்க ஆசை. கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப், ஒரு யுஎஸ்பி மைக். பாதிப் பேர் எஃப்எல் ஸ்டுடியோ என்கிறார்கள், பாதிப் பேர் ஏபிள்டன் என்ற இன்னொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

வடக்குவீதி:
உங்களுக்கு முக்கியம் பதிவு, பீட் கட்டுவது இல்லை. அதனால் ரீப்பர். 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்திருந்தால் தனிநபர் உரிமம் 60 டாலர், உங்கள் லேப்டாப்பே தாராளமாகப் போதும். திறந்ததும் வெறிச்சென்று இருக்கும், கூட வரும் வாத்தியங்களும் பெயருக்குத்தான், அதைப் பார்த்து மிரள வேண்டாம். குரலுக்கு வேண்டிய ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்வது), கம்ப்ரெஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. உங்கள் கட்டைக்கு (நீங்கள் பாடும் சுருதி அளவுக்கு) சுருதி சேர்த்த தம்புராவை ஆடியோ கோப்பாக முதல் டிராக்கில் போட்டு, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுங்கள். ஸ்பீக்கரில் விட்டால் தம்புரா குரல் டிராக்கிலும் ஏறிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. மைக் ஒன்றுதான் என்பதால் முதலில் நீங்கள், பிறகு அண்ணன்.

தாளக்கட்டு:
ரீப்பர் நல்லதுதான், ஆனால் எஃப்எல்லை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். கானா, குத்து மாதிரி பீட்டிலிருந்து பாட்டைக் கட்டுபவர்களுக்கு அதன் ஸ்டெப் சீக்வென்ஸரும் (கட்டங்களைத் தட்டித் தாளம் அமைப்பது) பியானோ ரோலும் (சுரங்களைக் கோடுகளாக வரைவது) தருகிற வேகம் தனி. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம். ஆனால் விலை குறைவாக இருக்கிறதே என்று ஃப்ரூட்டி பதிப்பை வாங்கிவிடாதீர்கள், அதில் குரல் பதிவு கிடையாது, அதற்கு ப்ரொட்யூஸர் பதிப்பு வேண்டும். சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், சேமித்ததை மறுபடி திறக்க முடியாது. இரவெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

கீபோர்டில் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) வேண்டுமென்றால் இன்னொன்று: பியானோ ரோலில் ஸ்லைடு நோட் (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) போடும் வசதி எஃப்எல்லின் சொந்த வாத்தியங்களில்தான் வேலை செய்யும், வெளியிலிருந்து சேர்க்கும் பிளக்இன்களில் செய்யாது. அவற்றுக்குப் பிட்ச் பெண்ட்தான் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் வசதி) வழி. எந்த மென்பொருளானாலும் சரி, பெரும்பாலும் அந்த வளைவு மேலும் கீழும் 2 அரைச்சுரம் அளவுக்கே இருக்கும், வாத்தியத்தின் அமைப்பில் போய் 12 ஆக்கிக்கொண்டால் நீண்ட ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது) கூட வரும்.

மாடிவீடு:
மேக் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், கேரேஜ்பேண்ட் இலவசம். பின்னால் ஆப்பிளின் பெரிய மென்பொருளான லாஜிக்குக்குப் போனாலும் பழைய ப்ராஜெக்ட் அப்படியே திறக்கும்.

புதுராகம்:
எல்லோருக்கும் நன்றி. ரீப்பர் போட்டுவிட்டேன். ஆனால் பாடும்போது என் குரலே ஹெட்போனில் ஒரு கணம் தள்ளி வருகிறது, சுருதியோடு நிற்கவே முடியவில்லை. அப்புறம் ஒரு பாட்டு மிஸ்ர சாப்பு (மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிக்கைத் தாளம்), இதன் மெட்ரோனோமோ நாலு நாலாகத் தட்டுகிறது.

வடக்குவீதி:
அந்தத் தாமதம் பெரும்பாலும் டிரைவரால் (மைக்கையும் கணினியையும் இணைக்கும் சிறு மென்பொருள்) வருவது. மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் செருகிக் கேளுங்கள், ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டர் பொத்தானை (பாடுவதை ரீப்பர் வழியாகத் திரும்பக் கேட்க வைப்பது) அணைத்துவிடுங்கள், அதோடு தீர்ந்தது. துளை இல்லையென்றால் ஏசியோ4ஆல் டிரைவரைப் போட்டு பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துணுக்குகளின், அதாவது சாம்பிள்களின், எண்ணிக்கை) 128க்கு இறக்குங்கள். செகண்டுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 512 பஃபர் ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட், 128 என்றால் 3தான். குரல் உள்ளே போய் வெளியே வருவதால் அது இரட்டிப்பாகும், டிரைவரின் தாமதம் வேறு. படபடவென்று இரைச்சல் கேட்டால் 256க்கு ஏற்றுங்கள். மிக்ஸிங் செய்யும்போது 1024 வைத்தாலும் பாதகமில்லை.

மிஸ்ர சாப்புக்கு டைம் சிக்னேச்சரை (ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்ற அமைப்பு) 7/8 ஆக்குங்கள். அதன் மெட்ரோனோமை நம்பிப் பாட வேண்டாம், அண்ணனை 'தகிட தகதிமி' என்று ஒரு சுற்று வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, அதையே லூப்பாக ஓடவிட்டுப் பாடுங்கள். நடை அதில்தான் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் ஆலாபனை உண்டென்றால் அதைத் தனியாக, மெட்ரோனோமையும் ஸ்னாப்பையும் (ஒலியைத் தாளக் கட்டக் கோடுகளில் ஒட்ட வைக்கும் வசதி) அணைத்துவிட்டு எடுங்கள், கட்டத்துக்குள் இழுத்து ஒட்ட வைக்கவே கூடாது.