ஸ்காட்லாந்தின் வடகடலோரச் சாலை: ஐந்து நாள் போதுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி வாசகர்):
எடின்பரோவில் பணியாற்றும் மகளைப் பார்க்க வரும் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் செல்லவிருக்கிறோம். இன்வர்னெஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் ‘நார்த் கோஸ்ட் 500’ பாதையைக் காரில் சுற்றிவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மொத்தம் 516 மைல், அதாவது ஏறத்தாழ 830 கிலோமீட்டர் என்பதால் ஐந்து நாள் தாராளம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தொப்பூர் கணவாயில் முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டிய கை என்றாலும், ஆப்பிள்கிராஸுக்கு ஏறும் ‘பெலாக் நா பா’ மலைப்பாதையைச் சொல்லி மகள் பயமுறுத்துகிறாள். நம் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா?

பதில் (பாலக்கோட்டுக்காரர், முன்பு கிளாஸ்கோவில் இருந்தவர்):
ஐயா, சுற்றுலாவாகச் செல்பவர் இந்திய உரிமத்தைக் கொண்டே 12 மாதம் வரை ஓட்டலாம்; அங்கும் இடப்பக்கம்தான். இடிப்பது உங்கள் நாள் கணக்கு. மேற்கிலும் வடக்கிலும் பாதையின் பெரும்பகுதி ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலம்தான். எதிரே வண்டி தெரிந்தால், இடப்பக்கம் ஒதுங்குமிடம் இருந்தால் அதில் ஏறியும், அது வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்றும் வழிவிட வேண்டும். பின்னால் வருபவர் அவசரப்பட்டாலும் அப்படியே. படம் எடுப்பதற்காக அங்கே வண்டியை நிறுத்துவது உள்ளூர் மக்களுக்கு அறவே பிடிக்காது. ஏழு நாளாவது ஒதுக்குங்கள். ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பொழுது போய்விடுமே என்று விரட்ட வேண்டியதில்லை.

பெலாக் நா பா என்றால் ‘மாடுகளின் கணவாய்’ என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டருக்கு ஏறுகிறது. தொப்பூரின் அபாயம் லாரியும் வேகமும். இங்கே குறுகலும் மூடுபனியும். மனம் ஒப்பாவிட்டால் ஷீல்டெய்க் வழியாகக் கடலை ஒட்டியே ஆப்பிள்கிராஸுக்குப் போய்விடலாம்.

பதில் (கல்குவாரித் தொழிலில் இருப்பவர், பர்கூர்):
நம் ஊர்ப் பாறை 250 கோடி ஆண்டுப் பழமை என்று பெருமைப்படுகிறோம். அந்த மேற்குக் கரையில் கிடக்கும் லூயிசியன் நைஸ் பாறையில் சில பகுதிகள் 300 கோடி ஆண்டுகளைத் தொடுகின்றன. கிரானைட் அறுத்த கண்ணுக்கு அதன் வரிகள் உறவுக்காரர் முகம்போலத் தெரியும். அதன்மேல் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமையான மணற்பாறை சூல்வென் குன்றாகத் தனியே எழுந்து நிற்கிறது. உல்லாப்பூலுக்கு வடக்கே நாக்கன் கிராக் என்னும் இடத்தில், பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை நடந்தே சென்று பார்க்கலாம். டர்னெஸ் அருகிலுள்ள ஸ்மூ குகையையும் விட்டுவிடாதீர்கள். இவ்விரண்டுக்கும் நேரம் போதாவிட்டால், என்னைக் கேட்டால், கிழக்குப் பக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எட்டு நாளாக மாற்றிவிட்டேன். ஏறுவதற்கு ஷீல்டெய்க் வழி, இறங்குவதை வானிலை பார்த்து முடிவு செய்வேன். ‘மிட்ஜ்’ என்னும் பொடிப்பூச்சிக் கடி அங்கே தாங்காது என்று மகள் சொல்லக் கேட்டு, மனைவி இருவருக்கும் முகவலை தைக்கத் தொடங்கிவிட்டாள்.