குடும்ப குழுவுல மாமா போட்ட ஃபார்வர்டு

மாமா: மகிழ்ச்சியா இருக்க பத்து வழின்னு ஒண்ணு வந்துச்சு, மேல போட்டிருக்கேன் எல்லாரும் படிங்க. ரிட்டயர் ஆனதுல இருந்து எனக்கு இதுல ஒண்ணு கூட செட் ஆகல, அது வேற விஷயம்

தம்பி: காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும்னு முதல் பாயிண்ட்லயே இருக்கு மாமா, நான் அங்கயே அவுட் 😂

சித்தி: எனக்கு இந்த லிஸ்ட்டெல்லாம் வேணாம்ணே. ராத்திரி எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியா பாத்திரம் கழுவுறேன்ல, அப்ப யாரும் கூப்பிட மாட்டாங்க, தண்ணி சத்தம் மட்டும், கை அது பாட்டுக்கு ஓடும், மனசு அப்பிடியே லேசாயிடும்

அக்கா: உங்களுக்கு சரி சித்தி. ஆனா இத கேட்டா பாத்தியா பாத்திரம் கழுவுறதுல எவ்ளோ நிம்மதின்னு நம்ம கையிலயே ஸ்க்ரப்பர குடுத்துட்டு போயிடுவாங்க. பங்கு போட்டு செய்யற வேலைல சந்தோஷம் தேடலாம், தலைல கட்டுன வேலைல தேடுன்னா எரிச்சல்தான் வரும்

சித்தி: அதுவும் நிஜம்தான்டி. மத்தியானம் அதே சிங்க், அதே பாத்திரம், ஆனா அடுத்து அது இருக்கே இது இருக்கேன்னு மண்டை ஓடிட்டே இருக்கும், வெறுப்பா வரும்

தம்பி: இதுக்கு ரிசர்ச்சே இருக்கு. 2010ல ஹார்வர்டுல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேர் ஃபோன் ஆப் வெச்சு 2,250 பேர்கிட்ட திடீர் திடீர்னு இப்ப என்ன செய்யறீங்க, மனசு அதுல இருக்கா, எப்பிடி ஃபீல் பண்றீங்கன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட 47 சதவீதம் நேரம் மனசு வேற எங்கயோ இருந்துச்சாம். என்ன வேலைங்கறத விட மனசு எங்க இருக்குங்கறத வெச்சுதான் ஒருத்தர் சந்தோஷமா இருக்காரான்னு நல்லா சொல்ல முடிஞ்சுச்சுன்னு எழுதியிருக்காங்க

அக்கா: அப்ப மனச இழுத்துப் பிடிக்கறதும் ஒரு வேலையா? தினமும் மூணு நல்ல விஷயம் எழுதுன்னு ஆஃபீஸ்ல சொன்னாங்க, எழுதி எழுதி ஹோம்வொர்க் மாதிரி ஆயிடுச்சு

நான்: அத தினமும் செய்ய வேணாம்கா. லியுபோமிர்ஸ்கின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் குழு பாத்ததுல வாரம் ஒரு தடவ எழுதுனவங்களுக்குத்தான் பலன் இருந்துச்சு, மூணு தடவ எழுதுனவங்களுக்கு இல்ல. பழகிட்டா எல்லாமே சப்புன்னு ஆயிடும்ல

மாமா: நீங்க பேசறதெல்லாம் ஏதாச்சும் செய்யறவங்களுக்கு. எனக்கு செய்யவே தோணலயே. முன்னாடி பழைய ரேடியோவ பிரிச்சு வெச்சுகிட்டு உக்காந்தா நேரம் போறதே தெரியாது, இப்ப அந்த டூல்ஸ் டப்பா பரண்ல கிடக்கு. மூடு வரட்டும் எடுக்கலாம்னு இருக்கேன்

சித்தி: அண்ணே தூக்கம் பசியெல்லாம் சரியா இருக்கா? எதுலயும் பிடிப்பில்லாம ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டர பாத்துடணும், சும்மா விடக்கூடாது

மாமா: தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது, பகல்லயும் வருது அதான் பிரச்சனை

நான்: மாமா மூடுக்கு காத்திருக்காதீங்க, பாதி நேரம் வேலைய தொட்ட பிறகுதான் அது வரும். மனச்சோர்வுக்கு குடுக்கற சிகிச்சைலயே இப்பிடி ஒண்ணு இருக்கு, 1970கள்ல லெவின்சோன்னு ஒருத்தர் இது மேல நிறைய வேலை செஞ்சார். பிடிச்சத செய்யறத விடறோம், நல்லா இருக்கற நேரம் குறையுது, அதனால இன்னும் சோர்வு, இன்னும் விடறோம், இப்பிடியே சுத்திட்டு இருக்கும். அத செய்யற பக்கம் இருந்து உடைக்கறாங்க, அதுவும் ரொம்ப சின்னதா. ரேடியோ பாடணும்னெல்லாம் இல்ல, டப்பாவ கீழ இறக்குங்க

மாமா: இறக்கி?

நான்: மேஜை மேல வைங்க, போதும்

அக்கா: ஸ்டூல் மேல தனியா ஏறாதீங்க மாமா, அத்தைய பிடிச்சுக்க சொல்லுங்க

மாமா: இறக்கியாச்சு. சால்டரிங் அயர்ன் வயர எலி கடிச்சு வெச்சிருக்கு

தம்பி: ஐயோ ப்ளக்ல போட்டுடாதீங்க, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்

மாமா: ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, வயர் மாத்த எனக்கு தெரியாதா. ரேடியோவ திறந்து பாத்தேன், பேட்டரி லீக் ஆகி ஸ்பிரிங்கெல்லாம் பச்சையா பூத்திருக்கு. பழைய டூத் பிரஷ் ஒண்ணு வேணும், அத்தைய கேட்டா மொறைக்கறா