டிரைவைக் கூட்டினால் கீச்சிடும் கிட்டார் பிரீஆம்ப்: யோசனை சொல்லுங்கள்

9 வோல்ட் பேட்டரி, ஒரே டிஎல்072 (இரண்டு ஆப்-ஆம்ப் பெருக்கிகள் உள்ள ஐசி), வெரோபோர்டு (செப்புப் பட்டை போட்ட துளைப் பலகை). முதல் நிலையில் தரைக்கு (கிரவுண்டுக்கு) 4.7கே ரெசிஸ்டர், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்; ஃபீட்பேக்கில் (வெளியீட்டிலிருந்து திரும்பும் பாதையில்) 51கே, 500கே டிரைவ் பாட் (கெயினைத் திருகி மாற்றும் ரெசிஸ்டர்), குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4148 டையோடுகள். அடுத்து 20கே டோன் பாட், பிறகு இரண்டாம் நிலையில் 5 மடங்கு கெயின் (பெருக்கம்). இரண்டு நிலைகளுமே நான்-இன்வர்ட்டிங் (சிக்னலைத் தலைகீழாக்காதவை).

டிரைவ் பாதி தாண்டியதும் விசில். உள்ளே வரும் ஒயரை விரலால் நகர்த்தினால் சுருதி மாறுகிறது. கிட்டார் வால்யூமை மூடினால் நிற்கிறது. டையோடுகளுக்குக் குறுக்கே 51 பிகோஃபாரட், ஐசியின் 8ஆம் காலில் (பவர்) 0.1 மைக்ரோஃபாரட் போட்டும் பலனில்லை. பேட்டரி புதுசுதான்.

முழு கெயின் 590 மடங்கு, உள்ளும் வெளியும் ஒரே ஃபேஸ் (ஏற்ற இறக்கம் ஒன்றாகவே). அதனால் 7ஆம் காலிலிருந்து (வெளியீடு) 3ஆம் காலுக்கு (உள்ளீடு) சிக்னல் கசிகிறது என்றே சந்தேகம்.

இரண்டாம் நிலையை இன்வர்ட்டிங் ஆக்கலாமா? உள்ளீட்டில் 10கே, ஃபீட்பேக்கில் 47கே போட்டால் டோன் பாட்டை இழுத்துவிடும் (அதன் சிக்னலைக் குறைத்துவிடும்). 100கே, 470கே என்றால் இரைச்சல் எவ்வளவு கூடும்? இல்லை, உள்ளே வரும் ஒயரை ஷீல்டு ஒயராக (உலோக வலை சுற்றியது) மாற்றினாலே போதுமா?