இருபது வயதைத் தாண்டிய பாக்ஸ்டரை வாங்கலாமா?

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். நண்பர் ஒருவர் தம்முடைய 2002ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் காரை விற்கிறார். கிளட்ச் மாற்றிய பில்லும் வைத்திருக்கிறார். வண்டி அதிகம் ஓடவில்லை. நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும், மாமா.

சித்தி: அவ்வளவு பழைய வண்டியா?

அண்ணன்: வாங்கிவிடு.

மாமா: பொறு. ஐ.எம்.எஸ். (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) பேரிங் மாற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேள். பாக்ஸ்டரில் உள்ள எம்96 என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குச் செயின் மூலம் கொண்டுசெல்ல நடுவில் ஒரு தண்டு இருக்கிறது; அதன் ஒரு முனையைத் தாங்குவதுதான் இந்த பேரிங். கிரீஸ் வைத்து மூடிய பேரிங் என்பதால், நாளடைவில் அதன் சீல் தளர்ந்து உள்ளே ஆயில் கசியும்போது கிரீஸ் கரைந்துவிடும். அதற்கு ஈடாகப் புதிய ஆயிலும் போதிய அளவு வந்து சேராது. அது உடைந்தால் செயினின் டைமிங் தவறிப் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பிறகு என்ஜினையே மாற்ற வேண்டியதுதான். 2002 மாடலில் இருப்பது ஒற்றை வரிசை பேரிங். முந்தைய இரட்டை வரிசையைவிட அதுதான் அதிகம் பழுதானது.

அண்ணன்: அதே காலத்து போர்ஷே 911 டர்போவுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

மாமா: இல்லை. 911 டர்போவிலும் 911 ஜிடி3இலும் இருப்பது மெட்ஸ்கர் என்ஜின், அதன் அமைப்பே வேறு. இப்போது பாக்ஸ்டரைப் பற்றிப் பேசுவோம்.

தம்பி: கிளட்ச் பில்லில் பேரிங் பற்றி எதுவும் இல்லை, மாமா.

மாமா: அப்படியானால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த பேரிங்கை எட்ட முடியும். கிளட்ச்சுக்காக இறக்கியபோதே அதையும், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றியிருக்க வேண்டும்.

சித்தி: குறைவாக ஓடியிருப்பது நல்லதுதானே?

மாமா: நான் அப்படிக் கருதவில்லை. சிறு தூரம் மட்டும் ஓடி நின்றால் ஆயில் முழுமையாகச் சூடேறாது. அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். ரப்பர் குழாய்களுக்கோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அத்தை: அப்பாவின் கார் அப்படித்தான் கொட்டகையிலேயே வீணானது. மாதம் ஒருமுறையாவது ஓட்டச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

பெரியப்பா: சாவி என்னிடம் மட்டுமா இருந்தது?

அத்தை: உங்களிடம்தான் இருந்தது, அண்ணா.

மாமா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். தம்பி, ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அவை இரும்பு. பேரிங் தேயத் தொடங்கியிருக்கலாம். அத்தகைய என்ஜினில் புது பேரிங் போடுவதும் வீண், ஏனெனில் துகள்கள் ஏற்கெனவே ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போயிருக்கும்.

அண்ணன்: விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்வாரா?

தம்பி: இன்று இரவு கேட்டுப் பார்க்கிறேன்.

சித்தி: முன்பணம் கொடுத்துவிட்டாயா?

தம்பி: இல்லை, சித்தி. ஆனால் வேறொருவரும் வண்டியைக் கேட்டிருக்கிறாராம்.

பெரியப்பா: ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வாங்கட்டுமே.

மாமா: சுத்தமாக இருந்தாலும், பேரிங்கை உடனே மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். நானும் வருகிறேன். நாங்கள் வருவதற்கு முன் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு; ஆறிய நிலையில் கிளப்பும்போது வரும் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.