“எனக்கு எதற்கு இந்த ஊசி?”: ஃப்ளூ தடுப்பூசியை வலியுறுத்தியவர்களும் மறுத்தவர்களும் பகிர்ந்தவை

நீரிழிவுப் பிரிவுச் செவிலியர் தொடங்கிவைத்தது

நீரிழிவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் பிரிவில் 18 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் கையை நீட்டியவர்களைவிடத் தலையை ஆட்டிவிட்டுப் போனவர்களே அதிகம். வெகுகாலம் நான் சொல்லிவந்த முறை ஒன்றுதான். 65 வயதைக் கடந்தவர்கள், கருவுற்ற பெண்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், இதயத்திலோ நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ நாட்பட்ட நோயுள்ளவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் என்று பட்டியலை ஒப்பித்துவிட்டு, “நீங்களும் இதில் வருகிறீர்கள், யோசித்துச் சொல்லுங்கள்” என்று முடித்துவிடுவேன். யோசிப்பதாகச் சொல்லிச் சென்றவர்களில் யோசித்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர்தான் என் பேச்சில் இருந்த கோளாற்றைக் காட்டிக்கொடுத்தார். “சிஸ்டர், சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று சென்ற முறை நீங்கள்தானே பாராட்டினீர்கள்? இப்போது என்னையே ஆபத்தானவர்கள் கூட்டத்தில் சேர்க்கிறீர்களே” என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, வேளை தவறாத மாத்திரை என்று ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட ஒருவரின் காதில் ‘அதிக ஆபத்துள்ளவர்’ என்ற சொல் தேர்வில் தோற்றவர் என்பதுபோல் விழுகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் வந்தால் சர்க்கரை எப்படித் தாறுமாறாக ஏறும், சாப்பாடு இறங்காமல் வாந்தியும் சேர்ந்துகொண்டால் மாத்திரையையும் இன்சுலினையும் எந்த அளவில் எடுப்பது என்பதே எவ்வளவு சிக்கலாகும், ஃப்ளூவுக்குப் பின்னால் நிமோனியா எப்படித் தொற்றிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னேன். “இத்தனை ஆண்டுகள் நீங்கள் கட்டிக்காத்ததை ஒரு வாரக் காய்ச்சல் கலைத்துவிடக் கூடாது ஐயா” என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

இந்தக் குழுவில் உள்ள உங்களிடம் கேட்பது இதுதான். உங்களையோ உங்கள் வீட்டில் இருப்பவரையோ சம்மதிக்க வைத்த சொல் எது, விலக வைத்த சொல் எது? மருத்துவக் கருத்தைவிட நடந்ததையே எழுதுங்கள்.

இதயநோயாளியான உறுப்பினர்

என்னை விலக வைத்த சொல் என்று எதுவுமில்லை. சொல்லவே இல்லை என்பதுதான் என் குறை. 58 வயதில் எனக்கு, அடைத்த இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொழுப்பு, புகையிலை, உப்பு, நடைப்பயிற்சி, மாத்திரைகள் என்று நான்கு பக்கத்துக்கு அறிவுரை எழுதிக் கொடுத்தவர்கள் ஃப்ளூவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அது மூக்கும் தொண்டையும் சம்பந்தப்பட்ட விவகாரம், இதயத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்றே நானும் நினைத்திருந்தேன். அடுத்த ஆண்டு ஃப்ளூ வந்து படுத்தேன். ஆறாம் நாள், காய்ச்சல் தணிந்துவிட்டது என்று எழுந்து நடமாடிய அன்றே, நெஞ்சு வலியோடு மறுபடியும் அனுமதிக்கப்பட்டேன்.

இந்த முறை பார்த்த இதயநோய் மருத்துவர் வேறொருவர். “தடுப்பூசி போட்டிருந்தீர்களா?” என்பதுதான் அவர் கேட்ட இரண்டாவது கேள்வி. என் விஷயத்தில் ஃப்ளூதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதையும் அவரே நேர்மையாகச் சொன்னார். ஆனால் 2018-இல் கனடாவில் வெளிவந்த ஆய்வொன்றில், ஆய்வகச் சோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அதன் பின் வரும் முதல் 7 நாட்களில் மாரடைப்பு நேரும் வீதம் மற்ற நாட்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது என்றும், காய்ச்சல் உண்டாக்கும் அழற்சியில் இரத்தம் எளிதில் உறைவதும், இரத்தக்குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிப்பதும், இதயம் விரைந்து துடித்துக் களைப்பதும் சேர்ந்தே இதைச் செய்வதாகக் கருதுகிறார்கள் என்றும் விளக்கினார். 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வையும் குறிப்பிட்டார். 8 நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்டிருந்த 2,500-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மருத்துவமனையிலேயே ஃப்ளூ ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டு ஓராண்டு கவனித்தபோது, இறப்பு, மீண்டும் மாரடைப்பு, ஸ்டென்டில் அடைப்பு ஆகியவை நேர்ந்தவர்கள் ஊசி போட்ட பக்கத்தில் 5.3 விழுக்காடு, போடாத பக்கத்தில் 7.2 விழுக்காடு.

இந்த எண்களைவிட என்னைத் தொட்டது, அவர் அதைக் கொழுப்பு மாத்திரையோடு சேர்த்து ஒரே மூச்சில் சொன்ன விதம். “இதுவும் உங்கள் இதய மருந்துகளில் ஒன்று” என்றார். ‘விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் நான் விரும்பியிருக்க மாட்டேன்.

கைக்குழந்தையின் தாய்

கருவுற்று ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது மகப்பேற்று மருத்துவர் இந்த ஊசியைச் சொன்னார். என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், தலைவலி மாத்திரைகூட விழுங்காமல் மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊசியா என்று உறுதியாக எதிர்த்தார். அவர் அன்பினால்தான் எதிர்க்கிறார் என்பது தெரிந்ததால் எனக்கும் சண்டையிட மனம் வரவில்லை. அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

அங்கிருந்த மருத்துவச்சி அத்தையின் முகத்தைப் பார்த்தே பேசினார். பிள்ளை வளர வளர வயிறு நுரையீரலை மேலே நெருக்குவதையும், இதயம் இருவருக்காக உழைப்பதையும், உடலின் எதிர்ப்பு முறையே மாறியிருப்பதையும், 2009-இல் எச்1என்1 என்ற ஃப்ளூ வகை பரவியபோது கருவுற்ற பெண்கள் பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதையும் சொன்னார். கருவுற்றவர்களுக்குப் போடுவது உயிரற்ற கிருமியைக் கொண்ட ஊசிதான், வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியைக் கொண்ட மூக்குத் தெளிப்பு மருந்தை அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று பிரித்துச் சொன்னார். அத்தை அசையவில்லை. பிறகு, 6 மாதம் நிறையும்வரை குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது என்பதையும், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவதுதான் அந்த மாதங்களில் அதற்குக் கிடைக்கும் காப்பு என்பதையும் அவர் சொன்னபோது, அத்தை சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் நாள் முழுக்கத் தூக்கி வைத்திருக்கப்போகிற எனக்கு?” என்று கேட்டார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. அன்று நாங்கள் இருவரும் போட்டுக்கொண்டோம். இடது கையில் போடுங்கள், வலது கை சமையலுக்கு வேண்டும் என்றார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

எதிர்த்தரப்பையும் யாராவது எழுத வேண்டுமல்லவா? நான் ஒருமுறை போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளே சளியும் காய்ச்சலும் வந்தன. ஊசிதான் ஃப்ளூவைக் கொடுத்தது என்று பல ஆண்டுகள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். ஒரு மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே மேலும் இரண்டு ஆண்டுகள் போடாமல் இருந்தேன்.

செவிலியர்

ஐயா, அந்தச் சிரிப்புக்காக எங்கள் தரப்பில் வருந்துகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. அதை மறுப்பவர் உங்களை மறுப்பவராகவே தெரிவார். ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி அல்லது அதன் புரதத் துணுக்கு மட்டுமே என்பதால் அதனால் ஃப்ளூ உண்டாக வழியில்லை. ஊசி போட்டுக் காப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஏற்கெனவே தொற்றியிருந்த ஃப்ளூவோ, ஊசி தடுக்காத வேறொரு சளிக் கிருமியோ வெளிப்படலாம். சளிக்காலத்திலேயே ஊசியும் போடுவதால் இந்தத் தற்செயல் அடிக்கடி நிகழ்கிறது. கை வலி, ஓரிரு நாள் உடல் அலுப்பு, இலேசான காய்ச்சல் ஆகியவை வரக்கூடும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டுப் பின்னர் விளக்கினால் சாக்குப்போக்குப்போலத்தான் இருக்கும்.

ஆஸ்துமா உள்ள உறுப்பினர்

ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். ஆயினும் சென்ற ஆண்டு ஃப்ளூ வந்தது. இதை மறைத்துவிட்டுப் பிறரை ஊக்குவிப்பது சரியாகாது. ஊசி அந்த ஆண்டின் கிருமியோடு நன்கு பொருந்தும் காலங்களில்கூட, மருத்துவரை நாட வைக்கும் ஃப்ளூவின் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடுதான் குறைக்கிறது. கிருமி தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த வகைகள் பரவும் என்று கணித்து, உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் பரிந்துரைக்கிறது. அந்தக் கணிப்பு சில ஆண்டுகளில் தப்பும். 

நான் ஒப்பிட்டுப் பார்ப்பது என்னோடேதான். ஊசி போடாத காலத்தில் வந்த ஃப்ளூ, செயற்கைச் சுவாசக் கருவிக்குப் பக்கத்து அறைவரை என்னைக் கொண்டுபோனது. சென்ற ஆண்டு வந்தது இன்ஹேலரைக் கூடுதலாக எடுத்ததோடும், 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய, ஃப்ளூ கிருமியை அடக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையோடும் அடங்கியது. இரண்டுக்கும் ஊசி ஒன்றே வேறுபாடு என்று நிறுவ என்னால் இயலாது. ஆனால் ‘போட்டால் வரவே வராது’ என்று வாக்குறுதி கொடுப்பவர்கள், அடுத்த ஆண்டு அந்த நோயாளியை இழக்கிறார்கள்.

மருந்தாளுநர்

என்னிடம் கேட்கப்படும் இரண்டு கேள்விகளை மட்டும் சொல்கிறேன். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் போடலாமா என்பது முதலாவது. பல ஊசிகள் இன்றும் கோழி முட்டையில் வளர்த்த கிருமியிலிருந்தே தயாராகின்றன. ஆயினும் அதில் தங்கும் முட்டைப் புரதம் மிகச் சொற்பம் என்பதால் முட்டை ஒவ்வாமை தற்போது தடையாகக் கருதப்படுவதில்லை. முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை கண்டவர்கள் நிலை வேறு. அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் ஊசியால் வருமா என்பது இரண்டாவது. 1976-இல் அமெரிக்காவில் போடப்பட்ட பன்றிக்காய்ச்சல் ஊசியில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவருக்கு அது கூடுதலாக வந்தது உண்மை. பிற்காலப் பருவ ஊசிகளில் அப்படி ஏதேனும் இருந்தால் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான் என்று மதிப்பிடப்படுகிறது. ஃப்ளூ காய்ச்சலே அந்த நோயைத் தூண்டக்கூடியது. கேட்டவரிடம் இதை முழுமையாகச் சொன்ன ஒரு முறையும் அவர் பயந்து ஓடியதில்லை. மழுப்பியபோதுதான் ஓடினார்கள்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்

நான் எடுக்கும் மருந்துகள் என் எதிர்ப்பாற்றலை வேண்டுமென்றே அடக்கி வைப்பவை. ஆகவே ஊசி என் உடலில் பிறரிடம்போல் முழுமையாக வேலை செய்யாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எதற்கு என்று கேட்டேன். “கிடைக்கும் அளவுக்கு உங்களுக்கு, மீதிக்கு வீட்டிலுள்ளவர்களுக்கு” என்றார் மருத்துவர். என் தம்பி குடும்பம் உட்பட எட்டுப் பேர் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். என் மகள் மட்டும் அழுதாள்; அவளுக்கு முதல் முறை என்பதாலும் 9 வயது நிரம்பவில்லை என்பதாலும் நான்கு வாரம் கழித்து இன்னொன்று உண்டு என்று கேட்டு மறுபடியும் அழுதாள்.

முதியோர் இல்லப் பராமரிப்பாளர்

இதை எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் முதியவர்கள் அனைவருக்கும் ஊசி போடப்பட்டது. சிலருக்கு, வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதிலாகக் கிருமி வகை ஒன்றுக்கு 60 மைக்ரோகிராம் கிருமிப் புரதம் கொண்ட, முதுமைக்கென்றே உள்ள உயரளவு ஊசியைப் போட்டார்கள். யாருக்குச் சம்மதம் வாங்கவில்லை என்று பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் தொலைபேசியில் பேசியவள் நான்தான். ஆனால் நான் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வயது 34, நோய் எதுவும் இல்லை, நேரமும் இல்லை என்பவை என் காரணங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் இலேசான இருமலோடு நான்கு நாள் வேலைக்கு வந்தேன். தூசு ஒவ்வாமை என்று நினைத்தேன். அடுத்த பத்து நாட்களில் எங்கள் தளத்தில் ஐவருக்குக் காய்ச்சல் கண்டது; இருவருக்கு நிமோனியா. யாரிடமிருந்து வந்தது என்று யாரும் ஆராயவில்லை, யாரும் என்னைக் குறை கூறவுமில்லை. இருவரில் ஒரு பாட்டி திரும்பி வந்தார். முன்போல் தானாக எழுந்து நடப்பது அவருக்கு இன்றுவரை இயலவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைக்கும் ஒவ்வொரு காலையிலும் அந்த நான்கு நாள் என் நினைவுக்கு வருகிறது. இப்போது பிள்ளைகளிடம் பேசும்போது, “நான் போட்டுக்கொண்டேன்” என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்கிறேன்.

செவிலியர்

எல்லாருடையதையும் இருமுறை படித்தேன். நேற்று என் பிரிவுக்கு ஓர் அம்மா வந்தார். 66 வயது, சர்க்கரையோடு நாட்பட்ட இருமலும் உண்டு. பட்டியலை ஒப்பிக்காமல், “இந்த ஊசி என்றால் உங்களுக்கு முதலில் எது நினைவுக்கு வருகிறது அம்மா?” என்று கேட்டேன். தம் தங்கை ஏதோ ஓர் ஊசிக்குப் பின் மயங்கி விழுந்ததைச் சொன்னார். அரை மணி நேரம் பேசினோம். இருந்தும் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எழுந்து கதவுவரை சென்றவர் திரும்பி, அடுத்த முறை தங்கையையும் கூட்டி வந்தால் அவளிடமும் இதே மாதிரி பேசுவீர்களா என்று கேட்டார். வரும் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வேளையில் வேறு யாருக்கும் நேரம் ஒதுக்கவில்லை.