4கே திருமணக் காட்சிகளுக்கு எந்த எடிட்டிங் மென்பொருள்?

வணக்கம். மதுரையில் திருமண வீடியோ எடிட் செய்கிறேன். ஆவணி முகூர்த்தங்களிலிருந்து 4கே, 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள பதிவு), எச்.265 (அதிகம் சுருக்கும் வடிவம்) காட்சிகள்தான் வருகின்றன. டைம்லைனில் இரண்டு கேமராக்களை அடுக்கினாலே படம் உறைகிறது. நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும், தாலி கட்டும் கை அப்படியே நின்றுவிடும்.

கணினி: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060, 32 ஜிபி ரேம், விண்டோஸ் 11. இந்த கிராபிக்ஸ் கார்டு 4:2:2-ஐ வன்பொருள் மட்டத்தில் டிகோட் செய்யாது (சுருக்கிய காட்சியை விரித்துத் தராது) என்பது தெரியும். டிரைவரைப் புதுப்பித்தேன், கோப்புகளை எஸ்எஸ்டிக்கு மாற்றினேன், பலனில்லை. பிராக்ஸியில் (எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் இலகுவான நகல் கோப்புகளில்) சீராக ஓடுகிறது. ஆனால் அதை உருவாக்கவே மணிக்கணக்கில் ஆகிறது. காலை முகூர்த்தத்தை மாலை வரவேற்பிலேயே திரையிடக் கேட்கிறார்கள்.

மாதச் சந்தாவில் பிரீமியர் புரோ, ஒரே தடவை பணம் கட்டி டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ, இரண்டில் ஒன்றுக்குத்தான் பட்ஜெட் இருக்கிறது. நிறத்திருத்தத்துக்காக ரிசால்வ் பக்கம் மனம் சாய்கிறது.

இதே போன்ற கணினியில் இவ்வகைக் காட்சிகளைப் பிராக்ஸி இல்லாமல் எடிட் செய்கிறவர்கள், இரண்டில் எதில் செய்கிறீர்கள்?